வன உரிமைச் சட்டம்: மலை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 2007 டிசம்பர் 31 முதல் நடப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது பல ஆண்டுகள் நின்றுபோனது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் வேலை நகரத் தொடங்கியது. அதன் பிறகும் 'பட்டா கொடுக்கிற சட்டம்' என்ற அளவிலேயே இது பேசப்படுகிறது. வீட்டுக்கும் விளைநிலத்துக்குமான தனிநபர் உரிமையை விடப் பெரியது, காட்டின் மீது ஊருக்கு இருக்கும் உரிமை. அதைக் கோராமல் விடுவதுதான் மலை ஊர்களுக்கு ஏற்படும் பெரிய இழப்பு. ஊர்க் கூட்டங்களில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

அரசமைப்பிலேயே பழங்குடிகளின் நிலத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறார்களே, அது நம் மலைக்குப் பொருந்தாதா?

முழுமையாகப் பொருந்தாது. அரசமைப்பின் 244-ஆவது உறுப்பும் ஐந்தாம் அட்டவணையும் பத்து மாநிலங்களில் குறிப்பிட்ட பகுதிகளைப் 'பட்டியல் பகுதி' என்று பாதுகாக்கின்றன. அங்கே பழங்குடி நிலம் மற்றவர் கைக்குப் போவதை ஆளுநர் ஒழுங்குமுறை இட்டுத் தடுக்கலாம். கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996-இன் பெசா சட்டமும் அந்தப் பகுதிகளுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் நீலகிரி, கல்வராயன், கொல்லி மலை, ஏற்காடு உட்பட எந்த மலையும் பட்டியல் பகுதியாக அறிவிக்கப்படவில்லை. பழங்குடியினர் ஆலோசனைக் குழு இங்கே உண்டு. அதன் வேலை ஆலோசனை சொல்வது. 338ஏ உறுப்பின்படி அமைந்த தேசியப் பழங்குடியினர் ஆணையத்திடம் முறையிடலாம்.

ஆகவே காட்டுக்குள்ளும் காட்டோரமும் இருக்கும் ஊருக்கு இங்கே கையில் உள்ள முதன்மைக் கருவி வன உரிமைச் சட்டம்தான். அது பட்டியல் பகுதி, பட்டியலுக்கு வெளியே என்று பார்ப்பதில்லை. காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் என எல்லா வனநிலத்துக்கும் பொருந்தும். ஏற்கெனவே இருந்துவரும் உரிமையை அங்கீகரிக்கும் சட்டம் இது. அரசு புதிதாக எதையும் தானமாகத் தருவதில்லை. அதனால் திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் 'பட்டா வழங்குமாறு' கொடுக்கும் மனு இந்தச் சட்டப்படியான கோரிக்கை ஆகாது. கோரிக்கை தொடங்க வேண்டிய இடம் கிராம சபை. ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தும் ஒன்றும் நடக்காத ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பன்னாட்டு உடன்படிக்கைகள் ஏதாவது உதவுமா?

நியூசிலாந்தில் மாவோரிகளோடு 1840-இல் செய்த வைதாங்கி உடன்படிக்கை போல, இங்கே ஊர் மக்கள் நேரடியாகக் காட்டிப் பேசக்கூடிய ஒப்பந்தம் கிடையாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 107-ஆவது உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றது. தொன்றுதொட்டு அனுபவித்துவரும் நிலத்தின் மீது கூட்டாகவும் தனியாகவும் உள்ள உரிமையை அதன் 11-ஆவது பிரிவு ஒப்புக்கொள்கிறது. அதற்குப் பின் வந்த 169-ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. 2007-இல் ஐ.நா. கொண்டுவந்த பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. அது சட்டம்போல் கட்டுப்படுத்தாது. நீதிமன்ற வழக்கில் துணை வாதமாக இவற்றை வைக்கலாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் இவற்றால் கோப்பு நகராது.

யார் கோரலாம்?

இரண்டு பிரிவினர். ஒன்று, பட்டியல் பழங்குடியினர்: காட்டில் வாழ்ந்து, வாழ்க்கைத் தேவைக்குக் காட்டை நம்பியிருந்து, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலத்தை அனுபவித்துவருபவர்கள். இரண்டு, இதர பாரம்பரிய வனவாசிகள். இவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அந்தப் பகுதியில் வாழ்ந்து காட்டை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். 75 ஆண்டும் அதே துண்டு நிலத்தை உழுதிருக்க வேண்டும் என்று அதிகாரிகள் கேட்பது தவறு. 75 ஆண்டு என்பது அப்பகுதியில் வாழ்ந்ததற்கான கணக்கு. நிலத்துக்கு 2005 டிசம்பர் 13 என்ற தேதி போதும்.

இந்த இரண்டாம் பிரிவு நம் மாநிலத்தில் சிலருக்கு உயிர்நாடி. மலையாளி என்ற மலைவாழ் சமூகம் (கேரளத்தவர் அல்ல) சேலம், தருமபுரி போன்ற பழைய மாவட்டப் பெயர்களோடுதான் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்து பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் அதே மக்களுக்கு அந்தச் சான்றிதழ் கிடைப்பதில்லை. சாதிச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காமல் அவர்கள் இதர பாரம்பரிய வனவாசிகளாகக் கோரலாம்.

என்னென்ன உரிமைகள்? எந்தப் படிவம்?

மூன்று படிவங்கள், மூன்றும் இலவசம்.

ஏ படிவம் தனிநபருக்கு, வீட்டுக்கும் விளைநிலத்துக்கும். உண்மையில் அனுபவத்தில் இருக்கும் பரப்பு எவ்வளவோ அவ்வளவு. உச்சவரம்பு 4 ஹெக்டேர், ஏறத்தாழ 9.88 ஏக்கர். பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும். வாரிசுக்குப் போகும், விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது.

பி படிவம் ஊரின் பொதுப் பயன்பாட்டு உரிமைகளுக்கு. தேன், நெல்லிக்காய், கடுக்காய், கல்பாசி, சீமாறு, மூங்கில், கிழங்கு எடுப்பது, மீன் பிடிப்பது, மாடு மேய்ப்பது, கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் போகும் வழி எல்லாம் இதில் வரும். வேட்டைக்கு உரிமை இல்லை. மேய்ச்சலை விட்டுவிடாதீர்கள். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் வனத்தில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் எனச் சுருக்கியது. பர்கூர் மாடு வளர்ப்பவர்களுக்கு அந்த நேரத்தில் இருந்த கவலை லேசானதல்ல. சட்டப்படி பதிவான மேய்ச்சல் உரிமை கையில் இருந்தால் நீதிமன்றத்தில் வைக்க ஓர் ஆவணமாவது இருக்கும்.

சி படிவம்தான் பெரியது: சமூக வன வளத்தின் மீதான உரிமை. ஊர் மரபாகப் பயன்படுத்திக் காத்துவந்த முழுக் காட்டையும் நிர்வகிக்கும் அதிகாரம். இதற்கு 4 ஹெக்டேர் வரம்பு கிடையாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்ற சிறிய கோண்டு கிராமம் 2009-இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேருக்கு இந்த உரிமையைப் பெற்று, 2011-இலிருந்து தன் மூங்கிலைத் தானே விற்றது. இந்தக் கோரிக்கையை ஊர் எழுப்பாவிட்டாலும்கூட, எல்லா வனவாசி ஊருக்கும் இவ்வுரிமை கிடைப்பதை ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவே உறுதிசெய்ய வேண்டும். கிடைக்கவில்லை என்றால் காரணத்தைப் பதிய வேண்டும். இதைச் சொல்வது 12பி விதி. மனுக்களில் எவரும் மேற்கோள் காட்டாத விதியும் இதுதான்.

கிராம சபை என்றால் ஜனவரி 26, ஆகஸ்ட் 15-இல் நடக்கும் பஞ்சாயத்துக் கூட்டமா?

இல்லை. இங்கேதான் பெரும்பாலான கோரிக்கைகள் முதல் அடியிலேயே சறுக்குகின்றன. ஒரு ஊராட்சியில் பல குக்கிராமங்கள் இருக்கும். அடிவாரத்துப் பெரிய ஊரில் கூட்டம் போட்டால் மேலே பதியில் இருப்பவர்கள் எண்ணிக்கையில் கரைந்துபோவார்கள். 2012-இல் திருத்திய விதிகளின்படி பதி, மந்து, செட்டில்மென்ட் என்று எப்பெயரில் இருந்தாலும் அந்தக் குடியிருப்புக்கே தனியாக வன உரிமைக் கிராம சபை கூட்டலாம். ஊராட்சி மன்றம் கூட்ட வேண்டும். அதற்கான கடிதத்தை ஊர் சார்பில் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள்.

வாக்காளர்களாக 120 பேர் இருக்கும் ஊர் என்றால் குறைந்தது 60 பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 பேர், பெண்கள். கோரிக்கைகளை முடிவுசெய்யும் கூட்டம் என்றால் கோருபவர்களில் பாதிப்பேரோ அவர்களின் பிரதிநிதிகளோ இருக்க வேண்டும். முதல் கூட்டத்தில் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தன் சொந்தக் கோரிக்கை சரிபார்க்கப்படும்போது குழு உறுப்பினர் விலகியிருக்க வேண்டும்.

தீர்மானப் புத்தகத்தில் 'எல்லாக் கோரிக்கைகளும் ஏற்கப்பட்டன' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எண், கணவன் மனைவி பெயர், பரப்பு, நான்கு எல்லை, பார்த்த சான்றுகள், சபையின் முடிவு என்று தனித்தனியாக எழுத வேண்டும். கீழே வந்தவர்களின் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ, ஆண், பெண் எண்ணிக்கையும் சேர்த்து இருக்கட்டும். எழுதிய பக்கங்களை அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். கிராம சபைக்கு அடுத்த படியில் கோரிக்கையைப் பரிசீலிக்கும் உட்கோட்டக் குழு, அதைத் திருப்பி அனுப்ப முதலில் தேடும் காரணம் 'கூட்டத்தில் போதுமான வருகை (கோரம்) இல்லை' என்பதே.

எங்களிடம் பட்டாவோ ரசீதோ எதுவும் இல்லை. சான்றுக்கு என்ன செய்வது?

13-ஆவது விதியில் உள்ளவற்றில் ஏதாவது இரண்டு போதும். அந்தப் பட்டியல் தாராளமானது. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது; பழைய நில அளவைக் குறிப்பு, வனத்துறையின் செயல்திட்டம், மக்கள்தொகைக் கணக்கு; நிலத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய கல்வரப்பு, கிணறு, திருத்திய சரிவு, பழைய குடிசை மேடை; மூதாதையர் புதைத்த இடம், கோயில் கல்; வம்சாவளி; கோருபவர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலம். இவ்வளவும் சான்றுதான்.

வனத்துறை போட்ட அபராத ரசீதையும் குற்ற அறிக்கையையும், ஆக்கிரமிப்பு என்று சொல்லி வருவாய்த்துறை கொடுத்த பி மெமோ என்ற அறிவிப்பையும் பயந்து மறைப்பவர்கள் உண்டு. 2005-க்கு முந்தைய பி மெமோ ஒன்று இருந்தால், அந்தத் தேதியில் அந்த இடத்தில் நீங்கள் இருந்ததை அரசே எழுதிக் கொடுத்திருக்கிறது என்று பொருள். எடுத்து வையுங்கள்.

குறிப்பிட்ட ஆவணம்தான் வேண்டும் என்று எந்தக் குழுவும் கட்டாயப்படுத்த முடியாது. 'செயற்கைக்கோள் படத்தில் விவசாயம் தெரியவில்லை' என்பதை மட்டும் வைத்துத் தள்ளவும் முடியாது. மற்ற சான்றுகளுக்கு அது துணை மட்டுமே. மரநிழலில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் நிலம் மேலிருந்து பார்த்தால் காடாகவே தெரியும் என்பதைச் சபைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பெரியவர்களின் வாக்குமூலத்தில் 'ரொம்ப காலமாக' என்று எழுதாதீர்கள். எந்த அணை கட்டும்போது, எந்தப் பஞ்சத்தின்போது, யார் மூப்பனாக இருந்தபோது என்று காலம் தெரிய எழுதுங்கள்.

கள ஆய்வுக்கு வனத்துறை வராவிட்டால்?

ஆய்வுத் தேதியை வன உரிமைக் குழு எழுத்தில் வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். வந்தால் அவர்கள் பதவி, தேதி, கருத்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். வராமல் இருந்துவிட்டு, ஊரின் பொதுக் கோரிக்கைக்கு 'நாங்கள் ஆய்வில் இல்லை' என்று பின்னால் ஆட்சேபித்தால் ஒருமுறை மறுஆய்வு நடக்கும். அதற்கும் வரவில்லை என்றால் கிராம சபையின் முடிவே இறுதி. தேதி போட்ட அறிவிப்பு இல்லாத ஊர் இந்த விதியைப் பயன்படுத்த முடியாது.

நிலத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு மூலையிலும் ஜி.பி.எஸ். அளவு எடுங்கள். வரைபடத்தில் எண்ணோடு ஓடை, பாறை, பெரிய மரம் போன்ற நிலையான அடையாளத்தையும் குறிக்க வேண்டும். அடர்ந்த மரத்தடியில் போன் காட்டும் அளவு பல மீட்டர் தள்ளிப்போகும். எண்ணும் அடையாளமும் ஒத்துப்போகாவிட்டால் அடையாளமே உங்களைக் காப்பாற்றும்.

சமூக வன வள எல்லையை எப்படி வரைவது?

முதலில் கேளுங்கள்: உட்கோட்டக் குழு வன, வருவாய் வரைபடங்களையும் வாக்காளர் பட்டியலையும் கிராம சபைக்குத் தர வேண்டும். தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள்; 30 நாளில் பதில் வர வேண்டும்.

வரைபடம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தேன் எடுக்கும் பாறை, மாட்டுப்பட்டி, கிழங்கு தோண்டும் சரிவு, சாமி இடம், பழைய ஊர் இருந்த இடம் ஆகியவற்றைப் பெண்களும் பெரியவர்களும் சொல்லச் சொல்லத் தரையில் வரைந்து, பிறகு காகிதத்தில் ஏற்றுங்கள். ஆண்கள் மட்டும் வரைந்தால் தண்ணீர் எடுக்கும் ஊற்றும் விறகுத் தடமும் விடுபட்டுப் போகின்றன. அடுத்த ஊரோடு எல்லை ஒன்றின்மேல் ஒன்று விழுவது இயல்பு. இரு ஊர் வன உரிமைக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து, 'இந்தப் பகுதியை இரு ஊரும் பயன்படுத்துகிறோம்' என்று எழுதிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் அனுப்பினால் ஒரு ஊரின் கோரிக்கையையே மற்றொன்றைத் தள்ளக் காரணமாக்குவார்கள்.

கோரிக்கை தள்ளுபடி ஆகிவிட்டது, அல்லது 3 ஏக்கர் கேட்டு 40 சென்ட் தந்தார்கள். வழி உண்டா?

உண்டு. குறைத்தாலும் தள்ளினாலும் காரணத்தை எழுத்தில், கோரியவரிடம் நேரில் தர வேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேலே முறையிடலாம்; மேலும் 30 நாள் நீட்டிக்கவும் இடமுண்டு. கிராம சபை முடிவின் மீது உட்கோட்டக் குழுவிடம். உட்கோட்டக் குழு முடிவின் மீது, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம். மாவட்டக் குழு முடிவு இறுதியானது. அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

பலருக்குத் தள்ளுபடி ஆனதே தெரிவதில்லை. உத்தரவு தரப்படவில்லை என்றால் கெடு இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்று வாதிடலாம். ஆவணம் போதவில்லை என்று குழு நினைத்தால் கிராம சபைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நடைமுறைக் குறைக்காகத் தள்ளக் கூடாது. 'வனத்துறை தடையில்லாச் சான்று இல்லை' என்று எழுதியிருந்தால் அந்தக் காரணம் சட்டத்தில் எங்குமே இல்லை என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

அதுவரை எங்களை வெளியேற்றலாமா?

முடியாது. பிரிவு 4(5) தெளிவாகச் சொல்கிறது: அங்கீகரித்துச் சரிபார்க்கும் வேலை முடியும்வரை வெளியேற்றக் கூடாது. 2019 பிப்ரவரி 13-இல் தள்ளுபடியான கோரிக்கையாளர்களை வெளியேற்றச் சொன்ன உச்ச நீதிமன்றமே, பிப்ரவரி 28-இல் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறோம். உரிமை கிடையாது என்கிறார்கள்.

தவறான தகவல். சத்தியமங்கலத்துக்கு அடுத்த வீடு போன்றது கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைப் புலிகள் காப்பகம். அங்கே சோளகர் ஊர்கள் 2011-இல் சமூக வன உரிமையைப் பெற்றுவிட்டன. காப்பகத்திலிருந்து வெளியே குடியமர்த்துவது விருப்பத்தின் பேரில் மட்டுமே. முதலில் உரிமைகள் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேர்ந்து வாழ வழியே இல்லை என்பது நிறுவப்பட்டிருக்க வேண்டும், கிராம சபையின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்ற திட்டத்துக்குக் கையெழுத்துக் கேட்டால், உரிமைப் பத்திரம் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் தங்கள் வாழ்விடம் முழுவதுக்குமான உரிமையைக் கோரலாம்.

ரோடும் அங்கன்வாடியும் கட்ட வனத்துறை விடுவதில்லை.

பிரிவு 3(2)-ஐக் கையில் எடுங்கள். பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர், சாலை, சமுதாயக் கூடம் போன்ற 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் வனநிலம் தரலாம். கிராம சபைப் பரிந்துரை தேவை. நீளமான சாலை 1 ஹெக்டேரைத் தாண்டிவிடுவதால்தான் பெரும்பாலும் சிக்கல். அகலத்தை முதலிலேயே கணக்கிட்டு எழுதுங்கள். 3 மீட்டர் அகலத்தில் 3.3 கிலோமீட்டர்வரை ஒரு ஹெக்டேருக்குள் அடங்கும்.

பத்திரம் வந்தால் எதைச் சரிபார்க்க வேண்டும்?

இருவர் பெயரும் இருக்கிறதா, பரப்பு சபைத் தீர்மானத்தோடு ஒத்துப்போகிறதா, எல்லையும் வரைபடமும் உண்டா என்று பாருங்கள். சமூக உரிமைப் பத்திரத்தில் 'வனத்துறையின் திட்டத்துக்கு உட்பட்டு' என்பது போன்ற நிபந்தனை நுழைந்திருந்தால் அப்போதே எழுத்தில் ஆட்சேபியுங்கள். மூன்று மாதத்துக்குள் வருவாய், வனப் பதிவேடுகளில் உரிமை ஏற்றப்பட வேண்டும். அது நடக்காத இடங்களில், ரேஞ்சர் மாறியதும் புதியவர் பழைய வரைபடத்தோடு வந்து நிற்பார்.

அதிகாரியே தடுத்தால்?

கிராம சபை தீர்மானம் போட்டு மாநில அளவிலான கண்காணிப்புக் குழுவுக்கு 60 நாள் அறிவிப்பு அனுப்பலாம். அதன் பிறகும் நடவடிக்கை இல்லையென்றால் நீதிமன்றம் போகலாம். அபராதம் 1,000 ரூபாய்வரைதான் என்பதால் இந்தப் பிரிவுக்குப் பல் குறைவு. பழங்குடியினருக்கு இதைவிட வலுவானது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருவர் பழங்குடியினரை நிலத்திலிருந்து சட்டவிரோதமாக அகற்றுவதும், வன உரிமை உட்பட அவர்களின் உரிமையை அனுபவிக்க விடாமல் இடையூறு செய்வதும் பிரிவு 3(1)(ஜி)-இன்படி குற்றம். வன உரிமை என்ற சொற்களே 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தில் சேர்ந்தவை. புகாரில் நடந்த நாள், நேரம், இடம், உரிமைப் பத்திர எண் அல்லது கோரிக்கை எண், சபைத் தீர்மானத்தின் தேதி ஆகியவற்றை எழுதுங்கள். காவல் நிலையம் வாங்க மறுத்தால் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், விசாரணை டி.எஸ்.பி. நிலை அதிகாரியால் நடக்க வேண்டும்.